போர்ட் பிளேர் ராகு காலம்

காட்டேஜ் வாசற்படியில் வலது காலை வைக்கப் போன ஜானு, சட்டென்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஏன்னா, மணி என்ன?"

"ஒன்பது பத்து."

"சனிக்கிழமை. ஒன்பதுலேர்ந்து பத்தரை ராகு காலம். ஐம்பதாவது பொறந்த நாளும் அதுவுமா, ராகு காலத்துலயா ரூமுக்குள்ள போறது?"

அனந்தராமன் இரண்டு கைகளிலும் இருந்த பெட்டிகளைக் கீழே வைத்தார். எதிரே வரிசையாகத் தென்னைகள். அதற்கப்பால் கடல். மயிலாப்பூரிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பி, விமானத்தில் இரண்டு மணி நேரம் பறந்து, மகளோடு மூன்று பேரும் அந்தமானுக்கு வந்ததே அந்தக் கடலுக்காகத்தான். 'இந்தப் பொறந்த நாளுக்கு உன்னைக் கழுத்தளவு கடல்ல இறக்கிக் குளிக்க வெக்கறேன்' என்று மனைவிக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

மெரினா அவர்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் திரும்பிப் போகும் அலை காலடி மணலை ஏன் இழுக்கிறது என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் ஒவ்வொரு முறையும் இருட்டிவிடும். இருபத்தேழு வருஷமாக ஜானு கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. இந்த வாக்கையும் கோட்டை விட்டால் இன்னும் இருபத்தேழு வருஷம் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

வாயைத் திறக்காமல் எண்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அனந்தராமன், தி.நகரில் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் இன்ஜினீயர். நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதற்கு முன், லிஃப்ட் ஏன் கீழே விழாது என்று கதவு வழியாகவே அவர்களுக்குப் பாடம் நடத்துகிறவர்.

"ஜானு, ஒன்பதுலேர்ந்து பத்தரைங்கறது காலண்டர்ல பொதுவாப் போடறது. இந்த ஊருக்கு அது செல்லாது."

"செல்லாதா?"

செல்லாதுதான். சூரியன் உதித்து மறைகிற வரைக்குமான பொழுதை எட்டாகப் பிரித்தால், சனிக்கிழமைக்கு மூன்றாவது பங்கு ராகு காலம். காலண்டர்க்காரர்கள் ஆறு மணிக்கு உதயம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுவிடுகிறார்கள். போர்ட் பிளேரோ சென்னைக்குக் கிழக்கே பன்னிரண்டரை பாகை தள்ளி இருக்கிறது. ஒரு பாகை சுழலப் பூமிக்கு நான்கு நிமிஷம் ஆகும். ஆக, சென்னையில் இப்போது ஆறரை தாண்டி உதிக்கிற சூரியன் இங்கே ஐம்பது நிமிஷம் முந்திக்கொள்கிறது. கடிகாரம் மட்டும் தேசம் முழுவதற்கும் ஒன்றுதான்.

இதையெல்லாம் அவர் ஒரு குச்சியால் மணலில் வரைந்து காட்டினார். ஜானு குனிந்து கவனமாகப் பார்த்தாள்.

"அப்போ இங்கே எப்போ முடியறது?"

"தோராயமா பத்தேகால்."

"தோராயமாவா? சாமி விஷயத்துல தோராயம் பார்ப்பாளோ?" என்றாள். "வானிலை ஆபீஸ்ல இன்னிக்கு உதயம் எத்தனை மணிக்குன்னு எழுதி வெச்சிருப்பாளே. கேட்டுண்டு வந்துடுங்கோளேன்."

"டாக்ஸி இன்னும் போகலை அப்பா," என்றாள் மகள் மஹதி. "சீக்கிரம்!"

டாக்ஸி ஓட்டியவர் ஷாஹுல் ஹமீது. திருவல்லிக்கேணிக்காரர். தீவுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகியும் பேச்சில் தீவின் காற்று படவில்லை.

"வானிலை ஆபீஸா? அது ஊருக்கு அந்தாண்ட, மலை மேல கீது சார். மழை கிழை வருமான்னு கேக்கவா?"

"சூரியன் எப்போ வந்ததுன்னு கேட்கணும்."

"அதான் வந்துட்ச்சே!" என்று ஷாஹுல் ஹமீது வானத்தைக் காட்டினார்.

அலுவலகத்தில் ஆள் இல்லை. பதினொன்றரை மணிக்கு வெப்பமானி பார்க்க வருவார் என்று காவலாளி சொன்னார். அனந்தராமன் காத்திருந்தார். வந்தவர் ஒரு நோட்டைப் புரட்டி, "ஐந்து ஐம்பது" என்றார். சொல்ல இரண்டு வினாடி ஆயிற்று. அந்த ஐந்து ஐம்பது எதற்கு என்று அனந்தராமன் அவருக்கு விளக்க நாற்பது நிமிஷம் ஆயிற்று.

திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது.

"ஜானு! பத்து பன்னிரண்டுக்கே முடிஞ்சுடுத்து! கிளம்பு, கடலுக்கு!"

வாசல் நாற்காலியில் ஜானு முடியை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, தலையெல்லாம் ஈரம்?" என்று கேட்ட அனந்தராமன், பதிலுக்குக் காத்திராமல் தானே சொன்னார்: "தீவு இல்லையா, காத்துல ஈரப்பதம் ஜாஸ்தி. முடி அதை உறிஞ்சிக்கும். முடியை வெச்சே ஈரப்பதம் அளக்கற கருவிகூட உண்டு."

"நானும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்," என்றாள் ஜானு. "அது போகட்டும், எமகண்டம் எப்போ?"

"இந்த ஊருக்கு ஒண்ணு ஏழு. இன்னும் பதினேழு நிமிஷம் இருக்கு, வா."

"இந்த ஊருக்குச் சரி. நம்ம ஜாதகம், பஞ்சாங்கம் எல்லாம் மெட்ராஸ்ல கணிச்சது. ஊர் விட்டு ஊர் வந்தவாளுக்கு எந்த ஊர்க் கணக்கு?"

அனந்தராமன் குச்சியைத் தேடினார். இருபத்தேழு வருஷத்தில் ஜானு இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை.

"நம்மாத்து சாஸ்திரிகளுக்கு ஒரு போன் போட்டுடுங்கோ," என்றாள்.

கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்தில் வரிசை நின்றது. முறை வந்தபோது சாஸ்திரிகள் வீட்டில் இல்லை. கோபாலபுரத்தில் ஒரு சீமந்தத்துக்குப் போயிருந்தார். இரண்டு மணிக்கு வந்திருக்கவில்லை. மூன்றுக்கும் இல்லை. நாலேகாலுக்குக் கிடைத்தார்.

தீவிலிருந்து பேசுகிற பேச்சு முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேலே செயற்கைக்கோளுக்குப் போய்த்தான் இறங்க வேண்டும். அதனால் ஒருவர் பேசி முடித்தது மற்றவருக்கு உடனே தெரியாது. இருவரும் ஒரே சமயத்தில் பேசுவார்கள், ஒரே சமயத்தில் நிறுத்துவார்கள்.

"மாமா, எந்த ஊர்க் கணக்கு..."

"யாரு அனந்துவா, சௌக்கியமா..."

"சௌக்கியம். எந்த..."

"எங்கேர்ந்து பேசறே..."

ஏழாவது முயற்சியில் பதில் வந்தது. "எந்த மண்ணுல நிக்கறயோ, அந்த மண்ணுக்கு உதிக்கற சூரியன்தான்!"

வெற்றியுடன் டாக்ஸியில் ஏறினார். "மணி நாலே முக்கால். சூரியன் மறைய ஆறேகால் ஆகும். தாராளமாக் குளிக்கலாம்."

"இன்னா சார் நீ!" என்றார் ஷாஹுல் ஹமீது. "இங்க அஞ்சரைக்கெல்லாம் பொழுது போய்டும். காலைல சீக்கிரமா வர்ற சூரியன் சாயந்திரம் சீக்கிரமா போவாதா?"

அனந்தராமன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். உதயத்துக்குக் கழித்த ஐம்பது நிமிஷத்தை அஸ்தமனத்துக்குக் கழிக்க மறந்துவிட்டார்.

"வேகமாப் போங்கோ!"

"முன்னாடி மரம் ஏத்தின லாரி போய்க்கினு கீது சார். பறக்கவா சொல்றே?"

அவர் வாசலில் குதித்து இறங்கியபோது தென்னைகளுக்குப் பின்னால் கடல் கறுத்துவிட்டது. ஜானு புதுப் பட்டுப்புடவையில், தலைநிறையப் பூவுடன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் படியிலேயே உட்கார்ந்தார்.

"மன்னிச்சுக்கோ ஜானு. இந்தத் தடவையும் நடக்கலை. நாளைக்குக் கண்டிப்பா..."

"அதனால என்னன்னா," என்றாள் ஜானு மிருதுவாக. "நீங்க எனக்காக எத்தனை அலைஞ்சேள்!"

ஒரு கோபம் இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. அவருக்குக் கண் கலங்கியது. காப்பி கொண்டுவந்த காட்டேஜ் நிர்வாகி முத்துலட்சுமியிடம் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"பாருங்கம்மா, என்ன பொறுமை! காலைலேர்ந்து இந்த வாசல்லயே காத்துண்டிருக்கா."

"காத்திருந்தாங்களா? நல்லாச் சொன்னீங்க!" என்று முத்துலட்சுமி காப்பியை நீட்டினாள். "ஒம்பதரைக்குக் கடல்ல எறங்கினவங்க, சாப்பிட மட்டுந்தான் கரையேறினாங்க. ரூம் கேட்டு போன் பண்ணினப்பவே அம்மா ரெண்டே கண்டிஷன்தானே சார் போட்டாங்க: கடல் பக்கத்துல இருக்கணும், வானிலை ஆபீஸ் தூரத்துல இருக்கணும்."