அடுக்குநாதரும் ஐந்து தட்டு ராக்கும்

உலகத்தில் பாட்டுக் கேட்பவர்கள் உண்டு, படம் பார்ப்பவர்கள் உண்டு. இரண்டையும் செய்யாமல், பாட்டும் படமும் வருகிற பெட்டிகளை எடுத்து வைப்பதையும் மாற்றி வைப்பதையுமே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டிருக்கும் மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. அவர்களுக்கு அடுக்குநாதர்கள் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். எந்த மக்கள்தொகைக் கணக்கிலும் இவர்களுக்குத் தனிக் கட்டம் கிடையாது. ஆனால் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், பத்து வீட்டுக்கு ஒருவர் நிச்சயம்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்கிறீர்களா? சுலபம். அவர் வீட்டு ஹாலுக்குள் நுழைந்தால் முதலில் உங்கள் கண்ணில் படுவது அவர் முகமல்ல, உள்ளங்கால்கள். மீதி மனிதர், ஐந்து தட்டு இரும்பு ராக்குக்கும் சுவருக்கும் நடுவே, பூனையே இரண்டு தடவை யோசித்து நுழைகிற இடுக்கில், ஒரு கையில் திருப்புளியும் இன்னொரு கையில் ஏதோ ஒரு ஒயரின் நுனியுமாகக் குப்புறக் கிடப்பார். ஆள் வந்த சத்தம் கேட்டதும் அந்தக் கால்கள் உங்களை வரவேற்கும்.

"வாங்க, வாங்க. உக்காருங்க. ரெண்டு நிமிஷம்."

இந்த 'ரெண்டு நிமிஷம்' இருக்கிறதே, இது கடிகாரம் காட்டுகிற இரண்டு நிமிடம் அல்ல. இதற்குள் ஒரு குழந்தை தவழ்ந்து, எழுந்து நின்று, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிடலாம்.

அடுக்குநாதருக்கு ஒரு சித்தாந்தமும் உண்டு. கனமானது கீழே, சூடாவது மேலே. கேட்பதற்கு எவ்வளவு தெளிவாக இருக்கிறது! ஆனால் ஆம்ப்ளிஃபையர் என்றொரு பெட்டி இருக்கிறது பாருங்கள், ராக்கில் இருப்பதிலேயே கனமான பெட்டி அதுதான், இருப்பதிலேயே அதிகம் சூடாகிற பெட்டியும் அதுதான். போச்சா? கீழ்த்தட்டில் வைத்தால் வெந்துபோகும் என்பார். மேல்தட்டில் வைத்தால் ராக் சாய்ந்துவிடும் என்பார். ஆறு மாதம் அது கீழே இருக்கும், ஆறு மாதம் மேலே இருக்கும். ஒவ்வொரு தடவையும் முன்பு வைத்ததைவிட இப்போது சத்தம் 'திறந்து' கேட்கிறது என்பார். நடுத்தட்டில் வைத்துத் தொலைத்தால் என்ன என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன். பதில் முடிய நாற்பது நிமிடம் ஆயிற்று.

சரி, இத்தனையும் அடுக்கி என்ன கேட்பார்? ஒரே ஒரு பாட்டு. அதிலும் முதல் பன்னிரண்டு வினாடி. பன்னிரண்டாவது வினாடியில் எங்கோ தூரத்தில் ஒரு சின்ன மணி ஒலிக்கும். மணி காதில் விழுந்ததும் கையை உயர்த்தி, "கேட்டீங்களா? எங்கேருந்து வந்துச்சு சொல்லுங்க பாப்போம்!" என்பார். நீங்கள் சுவரைக் காட்டினாலும் கூரையைக் காட்டினாலும் பக்கத்து வீட்டைக் காட்டினாலும் அவருக்குச் சந்தோஷம்தான். உடனே நிறுத்திவிடுவார். அந்தப் பாட்டைப் பாடுகிறவர் ஆணா பெண்ணா என்று இன்றுவரை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

இவ்வளவு விவரம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எனக்குக் கீழ்வீட்டில் ஒருவர் இருக்கிறார், ஐயா. நில அளவை ஆபீசில் வேலை. ஊரார் நிலத்தையெல்லாம் மட்டம் பார்த்துவிட்டு வந்து, வீட்டில் ராக்கை மட்டம் பார்ப்பார். மாடியில் நான் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டால் போதும், ஆள் சும்மாதான் இருக்கிறான் என்று தெரிந்துகொண்டு குரல் கொடுத்துவிடுவார். என் வேலை டார்ச் பிடிப்பது. அவ்வப்போது "சத்தம் வரல சார்" என்று சொல்வதும் என் பொறுப்பே.

அவர் மனைவி நகர நூலகத்தில் இருக்கிறார். சனிக்கிழமைதோறும் காலையில் அங்கே சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை சொல்வார். முப்பது நாற்பது வாண்டுகள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்குமாம். இது எப்படியோ டிவிக்காரர்கள் காதுக்குப் போய், வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, ஏழு நிமிடம் காட்டுவதாக ஏற்பாடு. அந்த அம்மா அதிகம் பேசுகிற ஆள் இல்லை. தனக்காக எதையும் கேட்கிற ஆளும் இல்லை. அப்படிப்பட்டவர் திங்கட்கிழமையே கணவரிடம் சொல்லிவிட்டார். நானும் அப்போது டார்ச்சோடு அங்கேதான் இருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிங்க. நீங்க என் பக்கத்துல உக்காந்து பாக்கணும். எனக்கு அது போதும்."

நம் ஆள் உருகிப்போய்விட்டார். உருகிய வேகத்தில் என்ன சொன்னார் தெரியுமா?

"உன் குரல இந்த செட்டப்புலயா கேக்கறது? பாழாப் போயிடும். மொத்தத்தையும் இறக்கி மாத்தி அடுக்கணும்."

"ஐயோ, ஒண்ணும் இறக்க வேண்டாங்க. டிவி இப்ப நல்லாத்தானே ஓடுது?"

"ஓடறது வேற, கேக்கறது வேற. நீ பேசாம இரு, நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ராக் மொத்தமும் தரையில். ஒன்றுக்கொன்று உடன்பிறந்தவை போல ஆறு கறுப்புப் பெட்டிகள், முப்பத்தெட்டு ஒயர்கள். ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் எண் ஒட்டினார். எந்த எண் எந்தப் பெட்டியில் எந்த ஓட்டைக்குள் போக வேண்டும் என்று ஒரு தாளில், பச்சை மையில், அளவுகோல் வைத்துக் கோடு போட்டு அட்டவணை எழுதினார். எழுத்து அச்சு மாதிரி. நிஜமாகவே ஆசையாக இருந்தது பார்க்க. பிறகு ஒயர்களையெல்லாம் கட்டுக் கட்டாகச் சேர்த்து, பிளாஸ்டிக் பட்டியால் இறுக்கி, பட்டிகளின் மிச்ச வால்களைக் கத்தரித்தார். கல்லூரியில் படிக்கும் மகள் அறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அப்பா, அஞ்சு மணிக்கு டிவி ஓடுமா ஓடாதா, அத மட்டும் சொல்லுங்க" என்றாள். "ரெண்டு மணிக்கே ஓடும்" என்றார்.

இரண்டு மணிக்கு அவர் காலி ராக்கின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருக்கும் குமிழ் நடுக்கோட்டிலிருந்து ஒரு மயிரிழை இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. தெரிந்தபின் விட முடியுமா? என்னை ஒரு மூலையைத் தூக்கச் சொல்லிவிட்டு, மேசையில் கைக்குக் கிடைத்த தாளை எட்டாக மடித்து ராக்கின் காலடியில் செருகினார். குமிழ் நடுவில் வந்து நின்றது. அந்த முகத்தில் அப்போது வந்த பூரிப்பைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! மகள் பிறந்தபோதுகூட இவ்வளவு இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அதற்கு மேல் பெட்டிகளை ஏற்றினோம். ஆம்ப்ளிஃபையர் இந்தத் தடவை கீழே. ஒவ்வொன்றாக வைத்து, தட்டுகளோடு சேர்த்து ஆணி முடுக்கி, நிமிர்ந்தபோது மணி மூன்றரை. கையைத் தட்டிக்கொண்டு, "எங்க, அந்த அட்டவணைய எடுங்க" என்றார்.

அட்டவணை இல்லை. மேசையில் இல்லை, மேசைக்கு அடியில் இல்லை, என் சட்டைப் பையில்கூட இல்லை, அதையும் தடவிப் பார்த்தார். முக்கால் மணி நேரம் வீட்டையே புரட்டினோம். கடைசியில் மகள்தான் தரையில் உட்கார்ந்தவாறு கேட்டாள்.

"அப்பா, பச்சை மையிலயா எழுதினீங்க?"

"ஆமா, கிடைச்சிடுச்சா?"

"கிடைச்சிடுச்சு. எல்லாம் அது மேலதான் நிக்குது."

குனிந்து பார்த்தேன். ராக்கின் காலடியில், எட்டு மடிப்பாக, பச்சைக் கோடு ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "சார், நாம ரெண்டு பேரும் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சா பாப்பா உருவிடும்" என்றேன்.

பெற்ற பிள்ளையைக் கிணற்றில் தள்ளச் சொன்னதுபோல் என்னைப் பார்த்தார். "மட்டம் போயிடுமே!"

"அப்ப கேபிள் பெட்டியிலேருந்து ஒரே ஒரு ஒயர நேரா டிவிக்குக் குடுங்க. இன்னிக்கு ஒரு நாளைக்குத்தானே?"

"அதுக்கா காலையிலேருந்து உயிர விட்டேன்? டிவியோட அந்த ரெண்டு ஸ்பீக்கர் பொத்தல் வழியா வரணுமா அவ குரல்?"

அட்டவணை தன் மண்டையிலேயே இருக்கிறது என்று சொல்லிவிட்டு இடுக்குக்குள் போனார். கால்கள் மட்டும் வெளியே.

நாலே முக்காலுக்கு அந்த அம்மா உடுப்பு மாற்றி, தலை வாரி, சோபாவின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தார். டிவி கறுப்பாக இருந்தது. ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது எழுந்து ராக்கிடம் போனார்.

"என்னங்க. விட்டுடுங்க, பரவாயில்ல. எதிர் வீட்டுல போய் பாத்துக்கலாம், வாங்க."

"நீங்கள்லாம் அங்க போய் உக்காருங்க. ரெண்டு நிமிஷம். போட்டுட்டுக் கூப்பிடறேன், எல்லாரும் இங்க வந்து முழுசாக் கேக்கலாம்."

அந்த அம்மா அந்தக் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு மகளோடு கிளம்பினார். நானும் டார்ச்சைத் தரையில் வைத்துவிட்டு நைசாக நழுவினேன்.

எதிர் வீட்டில் ஒரு தையல்காரர். ஓடாத தையல் மெஷின் ஒன்றின் மேல்தான் அவர் டிவி குந்தியிருக்கும். தலையில் தைக்க வேண்டிய துணி மூட்டை. ஒரு ஒயர், ஒரு பிளக். படம் ஆடினால் தையல்காரர் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டுவார், நின்றுவிடும். "வாங்கம்மா, வாங்க, ஆரம்பிக்கப் போறான்" என்று துணிகளை ஒதுக்கி இடம் போட்டார்.

அந்த அம்மா திரையில் வந்தார். பிள்ளைகள் சூழ, கையை விரித்து, கண்ணை உருட்டி, எங்களுக்குப் பழக்கமே இல்லாத ஒரு பெண்மணி! தையல்காரர் ஊசியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். நாலாவது நிமிடத்தில் பேட்டி எடுத்த பெண், நீங்கள் முதன்முதலில் யாருக்குக் கதை சொன்னீர்கள் என்று கேட்டாள்.

திரையிலிருந்தவர் சிரித்தார். "எங்க வீட்டுக்காரருக்குத்தான். கல்யாணமான புதுசுல எங்க வீட்டுல ஒரு ரேடியோகூடக் கிடையாது. சாயங்காலம் நான் ஒரு புஸ்தகத்தை எடுத்து வாசிப்பேன். அவரு எதிர்ல சம்மணம் போட்டு உக்காந்து கேப்பாரு. அவரு கேக்கற அழகுக்காகவே நான் இன்னும் ரெண்டு பக்கம் சேத்துச் சொல்லுவேன்."

அந்த அம்மா டிவியைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தார். மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத் தாங்கவில்லை, சொல்கிறேன். எழுந்து ஒரே ஓட்டமாகத் தெருவைத் தாண்டினேன்.

"சார், ஓடி வாங்க! உங்களப் பத்தித்தான் பேசிட்டிருக்காங்க!"

கால்கள் அசைந்தன. "அப்படியா? குரல் தெளிவா வருதா?"

"அட, வாங்க சார்!"

"ரெண்டு நிமிஷம்."

ஐந்து ஏழுக்கு நிகழ்ச்சி முடிந்தது. ஐந்து ஒன்பதுக்கு அவர் வீட்டு டிவி ஓடியது. ஒரு பற்பசை விளம்பரம். பல் துலக்குகிற சத்தம் ஹாலின் நாலு மூலையிலிருந்தும் வந்தது, கடைவாய்ப் பல்வரை கேட்டது. உள்ளே நுழைந்த மனைவியிடம், வியர்வை வழிய, தலையெல்லாம் ஒட்டடையாக, "கேட்டியா! எங்கேருந்து வருது சொல்லு பாப்போம்!" என்றார்.

"நல்லாருக்குங்க" என்றார் அந்த அம்மா. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு மறுபடியும் போடுவாங்களாம். நான் வேலையில இருப்பேன். நீங்க பாருங்க."

திங்கட்கிழமை பத்து மணிக்கு அவர் லீவு போட்டு அதை முழுசாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டு கேட்டாரா? கேட்காமலா? தினமும் கேட்கிறார். பாட்டுக்குப் பதிலாக இப்போது அதுதான் அவருக்குச் சோதனைச் சத்தம். யார் வந்தாலும் போடுகிறார். "வணக்கம். ஒரு ஊர்ல ஒரு..." என்று அந்த அம்மாவின் குரல் என் தரையைத் துளைத்துக்கொண்டு மாடிக்கே வருகிறது. பன்னிரண்டாவது வினாடியில் ஒரு பிள்ளை களுக்கென்று சிரிக்கும். "எங்கேருந்து சிரிச்சுது சொல்லுங்க!" என்று நிறுத்திவிடுகிறார். நாலாவது நிமிடத்துக்கு அவர் இன்னும் போய்ச் சேரவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் வீட்டில் ராக் கிடையாது, ரசமட்டம் கிடையாது, அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் இதைப் படிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து உங்களை யாரோ "இங்க கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிட்டார்களே, அவர்களுக்கு என்ன பதில் சொல்லிவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்?