‘ம்’ கொட்டிய காது

பூங்கா வாசலில் நிறுத்தியிருந்த இரும்புக் காது, திறப்பு விழா முடிந்த மறுநாளே ஊமையாகிவிட்டது.

ஆள் உயரத்துக்கும் மேலான காது அது. ‘சற்று நில்லுங்கள். மனதில் இருப்பதை என்னிடம் சொல்லுங்கள்’ என்று அடியில் எழுதியிருந்தது. வழிப்போக்கர் யாராவது வந்து பேசினால், உள்ளே இருக்கும் கருவி நடுநடுவே ‘ம்’ கொட்ட வேண்டும். காதைச் செய்த சிற்பியம்மாள் ஊரிலேயே இதமான குரலைத் தேடிப் பிடித்து அந்த ‘ம்’மைப் பதிவு செய்திருந்தாள். மழை ஒரே இரவில் அதை முழுங்கிவிட்டது.

பூங்கா எலக்ட்ரீஷியன் காதின் பின்பக்கக் கதவைத் திறந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். ஒயர் மூட்டுகளுக்கு டேப் சுற்ற மறந்தது அவர்தான்.

“அண்ணே, ஒருத்தர் வந்து பேச ஆரம்பிச்சிட்டாரு!” என்று வாட்ச்மேன் ஓடிவந்தான். “காது கம்முனு இருக்கு. சிற்பியம்மா வேற அங்கயே நிக்கிறாங்க.”

எலக்ட்ரீஷியனுக்கு வேறு வழி தோன்றவில்லை. உள்ளே நுழைந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். “ம்,” என்றார்.

வெளியே நின்றவர் ஓய்வுபெற்ற தபால்காரர். செத்துப்போன தன் நாயைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். கடைசியில் மூக்கைச் சிந்திவிட்டு, “நல்லா இரு சாமி,” என்று காதைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் கருவியைப் பழுது பார்த்து மாட்டினார். அன்றைக்கென்று ஒரு தையற்காரப் பெண் வந்தாள். “நான் உருப்படவே மாட்டேனா?” என்று காதைக் கேட்டாள்.

கருவி நேரம் காலம் தெரியாமல், “ம்,” என்றது.

அவள் அழுத அழுகையில் பூங்காவே கூடிவிட்டது. எலக்ட்ரீஷியன் கருவியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடியும் உள்ளே போய் உட்கார்ந்தார். மனசு கேட்காமல் ஒரு தடவை, “அப்புறம்?” என்றும் கேட்டுவிட்டார்.

அவ்வளவுதான். காது கேள்வி கேட்கிறது என்று ஊரெல்லாம் பரவிவிட்டது. வரிசை பேருந்து நிறுத்தம் வரை நீண்டது.

“கருவி தானாவே கத்துக்குது!” என்று சிற்பியம்மாள் பூரித்துப்போனாள். “மேலதிகாரிங்க எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன்.”

“கத்துக்கிட்டது கால் மரத்துப்போய்க் கெடக்குது,” என்று வாட்ச்மேன் முணுமுணுத்தான்.

இனி உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். எலக்ட்ரீஷியன் தினமும் காலையில் காதுக்குள் போனார். ஆனால் போகப் போக அந்த இருட்டுக்குள் அவருக்கே ஏதோ ஒன்று புரிந்தது. யாரும் பரிகாரம் கேட்டு வரவில்லை. நடுவில் எழுந்து போகாத ஒருவர் வேண்டும், அவ்வளவே. அடுத்தவர் துக்கத்தைப் பொறுமையாகக் கேட்பதும் ஆண்டவனுக்குச் செய்யும் தொண்டுதான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஊர்த் துக்கமெல்லாம் கேட்ட அந்த மனிதருக்கு வீட்டுத் துக்கம் மட்டும் ஆகாது. ஒரே மகள் காய்ச்சலில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. மனைவி அவள் பேச்சை எடுத்தால் போதும், “மோட்டார் ஓடுது,” “ஃபியூஸ் போயிருக்கு,” என்று டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு தடவை தெருவே மின்வெட்டில் கிடந்தபோது, “கரண்ட் அதிகமா வருது, பாத்துட்டு வரேன்,” என்று போனவர் அவர். கல்நெஞ்சக்காரர் இல்லை, கேட்டால் உடைந்துபோவோம் என்ற பயம். இப்போதெல்லாம் மனைவி எதுவும் பேசுவதில்லை. வீட்டில் மின்விசிறிச் சத்தம்தான்.

அன்று மதியம், ஒரு பள்ளி வாத்தியார் புலம்பி முடித்துப் போனதும், அடுத்த குரல் வந்தது.

“என் வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லணும்.”

எலக்ட்ரீஷியனுக்கு வேர்த்துவிட்டது. மனைவியின் குரல்.

ஓசைப்படாமல் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. வெளியே பூட்டியிருந்தது. வாட்ச்மேனுக்குப் போன் போட்டார். கதவுக்கு அந்தப் பக்கமே மணி அடித்தது, உடனே நின்றது.

“காலிங்பெல்லைக் கழட்டிட்டாரு,” என்றாள் அவள். “கெட்டுப்போச்சுன்னாரு. கெடல, எனக்குத் தெரியும். எம்பொண்ணு காலேஜ் விட்டு வந்தா, தொறக்கிற வரைக்கும் விரல எடுக்க மாட்டா. அந்தச் சத்தம் அவருக்குத் தாங்கல. சத்தமே இல்லாம எனக்குத் தாங்கல.”

“ம்,” என்றார் அவர், குரலை மாற்றிக்கொண்டு.

“அம்மா, சீக்கிரம். பஸ்ஸு போயிடும்,” என்றது வரிசையில் ஒரு குரல்.

“யோவ், அடுத்த பஸ்ஸுல போயேன். பேச விடுய்யா,” என்றது இன்னொரு குரல்.

“அன்னைக்கு ராத்திரி, ‘காய்ச்சல்தானே, தூங்கட்டும்’னு சொன்னேன் பாருங்க,” என்று அவள் மெதுவாகத் தொடர்ந்தாள். “அதுக்குத்தான் அவரு என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிறாரு. திட்டிட்டாக்கூடப் பரவால்ல.”

காது ‘ம்’ கொட்டவில்லை.

“நீ இல்லம்மா,” என்று பிறகு சொன்னது. குரலை மாற்ற மறந்திருந்தது. “நீ ஆஸ்பத்திரிக்குப் போலாம்னுதான் சொன்னே. ‘காலைல பாத்துக்கலாம், தூங்கட்டும்’னு சொன்னது நான். அதை நீ சொல்லிக் காட்டிடுவியோன்னுதான் நான் ஓடிக்கிட்டே இருந்தேன்.”

வெளியே இரும்பின் மேல் ஒரு உள்ளங்கை பதிகிற ஓசை. உள்ளே அவர் தன் கையையும் அதே இடத்தில் வைத்தார். அவர் அழுததைக் காது பெரிதாக்கி வாசல் முழுதும் கேட்க வைத்தது. வரிசையில் யாரும் பஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை.

சற்றுக் கழித்துப் பூட்டு திறந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த எலக்ட்ரீஷியன் வாட்ச்மேனின் சட்டையைப் பிடித்தார்.

“பாவி! ஏன்டா பூட்டுனே? எம் பொண்டாட்டிக்குத் தெரியாம ஓடிவந்திருப்பேனே!”

“நான் எங்கண்ணே பூட்டுனேன்? அண்ணி வந்து, ‘அது எங்க வீட்டுக்காரரு குரல்’னு சொல்லி, என் கையிலருந்து பூட்ட வாங்கி, அவங்களே பூட்டி, இழுத்துப் பாத்துட்டுத்தானே வரிசையில போய் நின்னாங்க!”