ஆசான் டார்க்வாவின் இடது மார்பு

குமாசி மாநகரப் பெருமக்களுக்கும், சுற்றுவட்டாரத் தலைவர்களுக்கும், அரசத்தாய்மார்களுக்கும், கடல் கடந்து வாழும் உற்றார் உறவினருக்கும் ஆழ்ந்த பூரிப்புடன் அறிவிப்பது என்னவென்றால்: மனிதகுலத்தை ஆதிமுதல் வாட்டி வந்த துயரம் என்பவர், சென்ற புதன்கிழமை மாலை சுவாமே வட்டாரத்து உள்ளொளி மண்டபத்தில் காலமானார். அடக்கம் உடனடியாக நடந்தேறியது. மலர்வளையம் வேண்டாம். காணிக்கையை உறையில் போடவும்.

கானா நாட்டின் குமாசியில், எங்கள் ஊர் வானொலியில் காலையும் மாலையும் இதுதான் ஒலித்தது. வாசித்தவர் ஆசான் டார்க்வாவேதான். வருடக்கணக்கில் அதே வானொலியில் மரண அறிவித்தல் வாசித்தவர். குரல் அப்படிப்பட்டது. அந்த மனிதர் "நாளை லேசான மழை" என்று சொன்னாலும் நாலு பேர் கண்ணைத் துடைப்பார்கள்.

சாவுச் செய்தி வாசித்தவர் எப்படி ஆசான் ஆனார்? ஒரு மலை உச்சியில் உட்கார்ந்து தன் மூச்சையே கவனித்தாராம். எந்த மலை என்று கேட்டால் "உள்ளே இருக்கும் மலை" என்பார். வசதியான மலை. வண்டிச் சத்தம் கிடையாது.

மண்டபம் முன்பு டயர் கிடங்காக இருந்தது. ஊதுபத்தி எவ்வளவு கொளுத்தினாலும் ஞானத்தோடு கொஞ்சம் ரப்பர் வாடையும் வரும். அதைப் பொருட்படுத்தாமல் கூட்டம் அலைமோதியது. வங்கி மேலாளர் வந்தார். கெஜெட்டியா சந்தையின் தக்காளி வியாபாரிகள் கடையைப் பூட்டிவிட்டு வந்தார்கள். ஞாயிறு முழுக்கத் தேவாலயத்தில் பாடிய தொண்டைகள் புதன்கிழமை இங்கே வந்து மௌனம் காத்தன.

ஆசானின் அற்புதம் இதுதான்: அவர் யாரையும் எதுவும் கேட்கமாட்டார். நீங்கள் எதிரே போய் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். அவர் பித்தளைக் கிண்ணத்தை ஒரு தட்டு தட்டுவார். கண்ணை மூடுவார். வலது கையை இடது மார்பில் வைப்பார். உங்கள் வேதனை அங்கே வந்து இறங்கும்.

"நான் ஒரு வார்த்தை பேசலப்பா!" என்று ரொட்டிக்கார டெட்டே தெருவெல்லாம் சொல்லித் திரிந்தான். "கிண்ணத்தைத் தட்டினாரு, நெஞ்சைப் பிடிச்சாரு, எங்கண்ணன் கோக்கோ தோட்டத்தை அமுக்கினதைப் புட்டுப் புட்டு வச்சாரு. எனக்கே அழுகை வந்துருச்சு!"

இதிலிருந்து ஒரு தத்துவமும் பிறந்தது. அடுத்தவர் துயரத்தை உணர்வதற்குத் தன்னை உணர்ந்தால் போதும். விசாரிப்பது காதின் வேலை, உணர்வது ஞானியின் வேலை. ஆகவே சீடர்கள் யாரையும் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கக் கூடாது. அது விழிப்படையாதவர்களின் பழக்கம். சாவு வீட்டுக்கும் போக வேண்டாம், இருந்த இடத்திலிருந்தே பரிவு அலை அனுப்பலாம். சனிக்கிழமை தவறாமல் கறுப்பும் சிவப்பும் கட்டிக்கொண்டு சாவு வீடு சாவு வீடாக ஏறி இறங்குகிற எங்கள் ஊரில் இது எவ்வளவு பெரிய சுகம் என்று எண்ணிப் பாருங்கள்!

இந்தச் சுகத்தில் முதலில் விழுந்தவர் என் பக்கத்து வீட்டுப் பொன்சு. பழைய கியர் பெட்டி வியாபாரி. முன்கோபி. ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: தினமும் காலையில் அரை மணி சும்மா உட்கார ஆரம்பித்த முதல் மாதம், அவர் கடைப் பையன்களைத் திட்டுவது குறைந்தது. தன் கோபம் எங்கே கிளம்புகிறது என்று அவருக்கே தெரிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "மூத்த உணர்வாளர்" என்று பட்டம் கொடுத்து, ஆசானுக்கு விசிறி வீசும் பொறுப்பையும் கொடுத்துவிட்டார்கள். மனிதர் தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்துவிட்டார். சொந்தச் சித்தப்பா மகனின் இறுதிச் சடங்குக்குப் போகவில்லை, அலை அனுப்பினார். அந்த வீட்டார் இன்றுவரை அவர் முகத்தில் விழிப்பதில்லை.

ஒரு நாள் மத்தியானம் அவருடைய ஒரே மகள் கொனாடு, கணவன் ஊரான தக்கோராடியிலிருந்து தனியாகப் பெட்டியோடு வந்து நின்றாள்.

எங்கள் வீடுகளில் யார் வந்தாலும், கடன் கேட்டு வந்தவனாக இருந்தாலும், முதலில் நாற்காலி. பிறகு தண்ணீர். குடித்து முடித்ததும் வீட்டுத் தலைவர் கேட்பார்: "இங்கே எல்லாரும் சுகம். நீ கொண்டு வந்த சேதி என்ன?" அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் வந்தவர் வந்தவராகிறார். அதுவரை உள்ளே உட்கார்ந்திருந்தாலும் தெருவில் நிற்பவர்தான்.

கூடத்தில் கண்மூடி அமர்ந்திருந்த பொன்சு ஒற்றைக் கண்ணைத் திறந்தார். கையை இடது மார்பில் வைத்தார்.

"பேசாதே மகளே. அப்பா உணர்ந்துட்டேன். உன் புருஷன் இன்னொருத்தி வீட்ல கிடக்கான்."

திறந்த கண்ணை மறுபடி மூடிக்கொண்டார். நாற்காலி இல்லை. தண்ணீர் இல்லை. சேதி இல்லை.

அன்றிலிருந்து அந்தப் பெண் பெட்டியைத் திறக்கவே இல்லை. தேவைப்பட்டதை மட்டும் பக்கவாட்டில் கைவிட்டு எடுத்தாள். மருமகனிடமிருந்து தொலைபேசி வந்தால் பொன்சு துண்டித்துவிட்டு, மன்னிப்பு அலை ஒன்றை அனுப்பினார்.

அவர் மனைவி செர்வா சந்தையில் துணிக்கடை வைத்திருப்பவள். மகள் வந்த காரணம் அவளுக்குத் தெரியும். ஆனால் கேட்க வேண்டியவர் கேட்க வேண்டுமே.

"ஒரே ஒரு தடவை அவளைக் கூப்பிட்டு உக்கார வச்சுக் கேளுங்க. ஞாயித்துக்கிழமை அக்ரா போறேங்கறா. போனா திரும்பமாட்டா."

"கேக்கறதா? நானா? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! நான் விசாரிச்சேன்னு ஆசானுக்குத் தெரிஞ்சா விசிறியைப் பிடுங்கிடுவாரு."

புதன்கிழமை மாலை, தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு செர்வா மண்டபத்துக்குக் கிளம்பினாள். வேடிக்கையைத் தவறவிட எனக்கென்ன பைத்தியமா? பின்னாலேயே போனேன்.

மண்டபத்து வாசலில், வேப்பமரத்தடியில், ஆசானின் அக்கா போத்தெமா உட்கார்ந்திருந்தாள். நல்ல மனுஷி. வருகிறவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து, குவளையில் தண்ணீர் கொடுத்து, சேதி கேட்பாள். கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா? வந்தவர் மடமடவென்று கொட்டுவார். போத்தெமா உச்சுக்கொட்டுவாள், முந்தானையால் கண்ணைத் துடைப்பாள், கையைப் பிடித்துக்கொள்வாள். அவள் கழுத்தில் ஒரு கைப்பேசி தாயத்து மாதிரி தொங்கியது.

"இதென்னக்கா?" என்றாள் செர்வா.

"தம்பி கட்டிவிட்டான். அருள் வாங்குற கருவியாம். அணைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கான். நீ உக்காரு தங்கச்சி, தண்ணி குடி. வந்த சேதி என்ன?"

செர்வா அந்தக் கைப்பேசியை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு அதன் பக்கமாகக் குனிந்து, தெளிவாகச் சொன்னாள்:

"என் புருஷன் போயிட்டாருக்கா."

"ஐயையோ! எப்படிம்மா?"

"கியர் பெட்டி தலையில விழுந்துருச்சு."

போத்தெமா ஓவென்று அழுதுவிட்டாள். நான் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. செர்வா அவள் கையை அழுத்தி, "அழாதீங்கக்கா, உள்ள போயிட்டு வந்து மீதியைச் சொல்றேன்" என்று எழுந்தாள்.

உள்ளே மயான அமைதி. மேடையில் ஆசான், காது மறைய வெல்வெட் குல்லா, முன்னால் ஒலிவாங்கி. அவருக்கு வலப்பக்கம் பொன்சு, கண்களை இறுக மூடியபடி, தன் மூச்சைக் கவனித்துக்கொண்டே விசிறி வீசினார். செர்வா எதிரே போய் உட்கார்ந்தாள். வாயைத் திறக்கவில்லை.

கிண்ணம் ஒலித்தது. கை மார்புக்குப் போனது.

"அம்மா… பேசாதீர்கள். ஓர் ஆண். உங்கள் துணைவர். இரும்பு… கனமான இரும்பு… தலை!" ஆசான் தன் தலையையே பிடித்துக்கொண்டார். மண்டபம் "ஆ!" என்றது. "போய்விட்டார். ஆனால் கலங்காதீர்கள். அவர் ஒளியில் இருக்கிறார். இதோ, இந்த நொடியில், என் வலப்பக்கம் நிற்கிறார். அவருடைய குளிர்ந்த மூச்சு என் கன்னத்தில் படுகிறது!"

"அது மட்டும் சரிங்க ஆசானே," என்றாள் செர்வா. "வலப்பக்கம்தான் நிக்கிறாரு. அது மூச்சில்ல, விசிறி."

பொன்சு கண்ணைத் திறந்தார். "செர்வா? நீ இங்க என்ன பண்றே?"

"பாருங்க, செத்தவரு பேசறாரு!"

ஆசான் லேசுப்பட்டவரா? "நான் சொன்னது உடலின் மரணத்தை அல்ல. இவருக்குள் இருந்த பழைய கணவன்…" என்று இழுத்தார். நம்ப மாட்டீர்கள், முன்வரிசையில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். வங்கி மேலாளர் குறிப்பெடுத்தார்.

செர்வா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "உங்களை ஒண்ணு கேக்கறேன். வாசல்ல தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சோம்."

"குடிச்சதும்?"

ரொட்டிக்கார டெட்டே மெல்ல எழுந்தான். "சேதி கேட்டாங்க… சொன்னேன். அது மரியாதைதானேம்மா? தண்ணி குடுத்தவங்களுக்கு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா வர முடியும்? அதெல்லாம் சொன்னதுல சேருமா?"

"அண்ணன், தோட்டம், எல்லாம் சொன்னியா?"

"தோட்டத்துல எத்தனை மரம்னு வரைக்கும்…" என்றவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

செர்வா மேடையேறி ஆசானின் குல்லாயைத் தூக்கினாள். காதில் பட்டாணி அளவில் ஒரு கருவி. பிடுங்கி ஒலிவாங்கியில் வைத்தாள். மண்டபம் முழுக்கப் போத்தெமாவின் குரல் விம்மியது:

"தம்பி, கேக்குதாடா? இதுல பேசினா உனக்குக் கேக்குமா தெரியல. இப்ப உள்ள வந்தாளே, அந்தப் பொண்ணு பாவம்டா. காணிக்கை கீணிக்கை வாங்கிடாதே!"

ஆசான் பின்வாசல் வழியாகத் தன் உள்ளே இருக்கும் மலையை நோக்கி ஓடினார். குல்லா செர்வா கையில். மூன்றாம் வரிசையில் சிலர் கடைசிவரை கண்ணையே திறக்கவில்லை. அன்றைய தியானம் மிக ஆழமாக இருந்ததாக மறுநாள் சொன்னார்கள்.

பொன்சு விசிறியோடே வீட்டுக்கு நடந்தார். வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கியர் பெட்டியா? வேற நல்ல சாவு கிடைக்கலையா?"

"உங்களை நினைச்சா எனக்கு வேறென்ன ஞாபகம் வரும்?" என்றாள் செர்வா.

கொனாடு மூடிய பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். பொன்சு நேராக உள்ளே போனார். நாற்காலியை எடுத்து வந்து போட்டார். ஒரு குவளைத் தண்ணீர் கொண்டு வந்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"இங்க எல்லாரும் சுகம்மா," என்றார். "நீ கொண்டு வந்த சேதி என்ன?"

அவள் குடித்து முடிக்கும்வரை நின்றார்.

"குழந்தை தங்கலப்பா," என்றாள். "ஆறாம் மாசம். அவரு கப்பல்ல இருக்காரு, உடனே வர முடியல. நீங்களாவது பக்கத்துல இருப்பீங்கன்னு அவருதான் என்னை இங்க அனுப்பினாரு. உங்ககிட்ட பேசத்தான் தினமும் கூப்பிட்டாரு."

பொன்சு மார்பில் கை வைக்கவில்லை. மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி அழுதார். அன்று இரவு அந்தப் பெட்டி திறந்தது. மருமகன் எண்ணுக்கு அவரே கூப்பிட்டார்.

டார்க்வா மறுபடி வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கிறார், நன்றாகவே வாசிக்கிறார். போத்தெமா இன்னும் அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்துச் சேதி கேட்கிறாள். மண்டபத்திலிருந்து மனபாரம் குறைந்து வந்தவர்கள் எல்லாம் உண்மையில் அந்த மரத்தடியிலேயே அதை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். காணிக்கையைத்தான் இடம் மாற்றிக் கொடுத்தார்கள்.

கண்ணை மூடி உட்காருங்கள், தவறில்லை. உங்கள் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று அதில் தெரியலாம். பக்கத்து ஆளின் மனதில் என்ன ஓடுகிறது என்பதற்கு, கண்ணையும் வாயையும் திறந்து அவரையே கேட்க வேண்டும். அதற்கு வேண்டிய காது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, குல்லா வேண்டாம்.

மகளின் துயரம் வந்து இறங்கியதாகச் சொன்ன இடது மார்பைப் பொன்சு பிறகு மருத்துவரிடம் காட்டினார். அது வாயு.