மூணு சாட்சி கேட்ட இங்கிலீஷ்

ஆங்கிலத்தை இவ்வளவு முறையாக விசாரித்துப் பயன்படுத்திய மனிதர் இந்தக் கல்கத்தாவில் வேறொருவர் கிடையாது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பது வேறு விஷயம்.

டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் காபிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுப்பவர். திருநெல்வேலிக்காரர். வங்காளிகளுக்கு அவர் ‘கோஃபி தா’, அதாவது காபி அண்ணன். இங்குள்ள தமிழர்கள் எங்களுக்கு ‘மூணு சாட்சி’. பெயர் வைத்தது நான்தான். முப்பத்தாறு வருஷம் மத்திய அரசு அலுவலகத்தில் கடிதம் வரைந்தவன். எவ்வளவு பெரிய விவகாரத்தையும் ‘பொருள்’ என்ற இடத்தில் ஒரே வரியில் அடைப்பது என் பிழைப்பு.

அவருடைய விதி இதுதான். ஓர் ஆங்கில வாக்கியத்தை மூன்று பேர், மூன்று வெவ்வேறு சந்தர்ப்பங்களில், யோசிக்காமல், அவர் காதுபடச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகே அது அவர் வாயில் ஏறும். புத்தகம் சாட்சியில்லை. டி.வி. சாட்சியில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் கைப்பேசியும் இல்லை. “அது யார் வீட்டுலயாவது போயி உக்காந்து பேசியிருக்கா அண்ணாச்சி?” என்று கேட்டார்.

இதற்கென்று ஒரு தடி நோட்டு. வாக்கியம், சொன்னவர், இடம், சொன்னவரின் மனநிலை என்று நான்கு கட்டம். இவ்வளவு சுத்தமான பதிவேட்டை அரசாங்கத்தில் நான் பார்த்ததில்லை. நான் பராமரித்தவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒருநாள், டீ நீட்டுகிறவர்களிடம் ‘இப்பதான் குடிச்சேன்’ என்பதை எப்படிச் சொல்வது என்று கேட்டார். எந்தக் காலம், ஏன் அந்தக் காலம், விதிவிலக்கு எப்போது என்று கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நல்லது. இத நீங்க கடைசியா யார்கிட்ட சொன்னிய?” என்றார்.

யோசித்துப் பார்த்தேன். டீயை நான் மறுத்ததே இல்லை.

“அப்போ உங்களச் சாட்சியா எடுக்க முடியாது அண்ணாச்சி. நீங்க எழுதுத ஆளு.” என் பணிப் பதிவேட்டில்கூட இப்படியொரு குறிப்பு ஏறியதில்லை.

பள்ளிக்கூடத்தில் நம் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார்களே, பலத்த மழைக்குப் பூனையும் நாயுமாகப் பெய்கிறது என்பார்கள் என்று, அதை அவர் விட்டுவைப்பாரா? நாலு மழைக்காலம், முழங்கால் தண்ணீரில் கடை வாசலில் நின்று, போகிறவர் வருகிறவர் பேச்சையெல்லாம் கேட்டார். கொட்டுது, நாசம், ஆட்டோ வராது என்றெல்லாம் சொன்னார்கள். பூனை வரவில்லை. செத்துப்போன வாக்கியம் என்று நோட்டில் அடிக்கப் போனார். காணாமல் போன ஆளையே இறந்தவராகக் கருத ஏழு வருஷம் ஆக வேண்டும், அதுதான் சட்டம் என்று தமாஷாகச் சொல்லிவைத்தேன். மனிதர் இன்னும் மூன்று மழைக்காலம் தண்ணீரில் நின்றார். பிறகுதான் அடித்தார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு ஒருவித பயமே வந்துவிட்டது.

போனில் ஆங்கிலம் பேசிக்கொண்டே காலையில் ஏரிக்கரையில் நடக்கிற ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவரை மூன்று மாதம் ஆறடி தள்ளிப் பின்தொடர்ந்து, காவலாளியிடம் மாட்டிக்கொண்டார். அந்த அம்மாள் நோட்டைப் பிடுங்கினார்; தமிழ் எழுத்து புரியாமல் அவரையே படித்துச் சொல்ல வைத்தார். தங்கையோடு போட்ட சண்டை உட்பட அவர் பேசியதெல்லாம் தேதிவாரியாக இருந்தது. எதிரே ‘கோபம், ஆனால் பாசம்’ என்று மனநிலைக் குறிப்பு வேறு. அம்மாள் அங்கேயே நின்று தங்கைக்குப் போன் போட்டார். அன்றிலிருந்து மூணு சாட்சிக்கு அவர் ‘திதி’, வங்காளிகளின் அக்கா.

போன மார்கழியில் இந்த நோட்டுக்கு ஒரு சோதனை வந்தது. மூணு சாட்சிக்கு ஒரே மகள். இங்கேயே சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் வேலையில் சேர்ந்து, அந்தக் கம்பெனியே இங்கிலாந்துக்கு அனுப்ப, அங்கே ஒரு வெள்ளைக்காரப் பையனோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. திடீரென்று பையனின் அப்பா இறந்துபோனார். சம்பந்தியம்மாளோடு இவர் அதுவரை பேசியதில்லை. மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: “நாளைக்குச் சாயங்காலம் போன் பண்ணுவேன்ப்பா. நீங்களேதான் பேசணும். நான் நடுவுல நின்னு சொல்ல மாட்டேன்.”

நோட்டைப் புரட்டினார். பதினோரு வருஷச் சேகரிப்பு. டீ, ரயில், மழை, மருமகள்மேல் புகார் எல்லாம் இருந்தது. சாவுக்கு ஒரு வரி இல்லை.

நான் பத்தே நிமிடத்தில் இரங்கல் வரைவு தயாரித்தேன். அதிகாரிகள் பெயரில் நூற்றுக்கணக்கில் அனுப்பிய வாசகம். ஆழ்ந்த அதிர்ச்சியில் தொடங்கி ஆன்ம சாந்தியில் முடியும். படித்துக் காட்டினேன்.

“இதக் கேட்டு யாராவது உங்ககிட்ட மனசு விட்டுப் பேசியிருக்காவளா?”

“பெற்றுக்கொண்டதாக ஒப்புதல் வரும்” என்றேன்.

மரியாதையாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு ஊரெல்லாம் அலைந்தார். டாக்டர், வக்கீல், கான்வென்ட் டீச்சர் என்று ஆங்கிலம் தெரிந்த ஒருவரையும் விடவில்லை. திதியிடமும் போனார். அவர் கணவர் இறந்தபோது, வாழ்நாளெல்லாம் ஆங்கிலமே பேசிய சகாக்கள்கூட வந்து நின்று ‘கீ போல்போ, திதி’, என்ன சொல்வேன் திதி, என்று வங்காள மொழியில்தான் தடுமாறினார்களாம். எங்கே கேட்டாலும் இதே கதை. இந்த ஊரில் யாரும் ஆங்கிலத்தில் துக்கம் கேட்பதில்லை.

சாயங்காலம் அழைப்பு வந்தது. துணைக்கு நான் பக்கத்தில் இருந்தேன். திரையில் கண் வீங்கிய ஓர் அம்மாள். இவர் கும்பிட்டார். என் வரைவு பையில் இருந்தது. கை அங்கே போகவில்லை. மகளை அந்த வீட்டுக்கு அனுப்பப்போகிற மனிதர், ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தார். பிறகு பேசினார். மூன்று காலங்களும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்த அந்த ஆங்கிலத்தின் சாரம் இது:

“காலைலேருந்து எல்லார்கிட்டயும் கேட்டேன்மா. உங்ககிட்ட என்ன சொல்லணும்னு ஒருத்தருக்கும் தெரியல. எனக்கும் தெரியல.”

அந்த அம்மாள் திரைக்குக் கிட்டே வந்தார். “இங்கேயும் ஒருத்தருக்கும் தெரியவில்லை. அதனால் யாரும் வருவதே இல்லை” என்றார்.

முக்கால் மணி நேரம் பேசினார்கள். பெரும்பாலும் அந்த அம்மாள்தான் பேசினார். இவர் தலையாட்டினார், இரண்டு இடத்தில் சிரித்தார், ஓரிடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறவி ஆங்கிலக்காரி ஒருத்தி முக்கால் மணி நேரம் யோசிக்காமல் பேசுகிறாள்; நோட்டு மூடியே கிடந்தது.

எனக்கும் எழுபத்தொன்று ஆகிறது. என் காரியத்துக்கு வேண்டிய படிவங்களை எல்லாம் நிரப்பி, நகலெடுத்து, அலமாரியில் வைத்திருக்கிறேன். அன்றைக்கு யார் என்ன வாசித்தாலும் சரி. அந்தக் காபிக்கடைக்காரர் ஒரு நடை வந்து, ஒன்றும் சொல்லத் தெரியாமல் என் வீட்டு வாசலில் சற்று நேரம் நின்றால் போதும்.