தனி விமானத்தில் நின்றுகொண்டே போனது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, உன் அக்கா வீட்டுக்காரன் சொல்ல, எதிர்வீட்டு ஓய்வுபெற்ற குமாஸ்தா எழுதிக்கொள்வது. இங்கே என் வலது முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே உன் சுகத்தையும், உன் வீட்டில் அவர்களுடைய மூச்சிரைப்பு எந்த மட்டில் இருக்கிறது என்பதையும் ஒரு கார்டு போட்டுத் தெரிவிக்கவும். இதுவரை நம் வீட்டுக் கடிதமெல்லாம் எழுதியது உன் அக்கா. அவள் போய் நாற்பத்தாறு நாள் ஆகிறது. எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரிந்ததே. குமாஸ்தா நல்ல மனிதர்தான், ஆனால் நான் 'வந்தான்' என்றால் அவர் 'வந்தார்' என்று எழுதுகிறார். ஆகவே இதில் யாருக்காவது மரியாதை கூடுதலாகத் தெரிந்தால் அது அவர் போட்டது.

அன்றைக்கு நீ வாசல் வரை வந்து, அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனாய். நான் கூப்பிடவில்லை என்று நினைத்திருப்பாய். கூப்பிடத்தான் எழுந்தேன், அதற்குள் நீ தெருமுனை தாண்டிவிட்டாய். கண்ணை மூடுவதற்கு முன் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "என் தம்பிக்கு நீங்களா ஒரு வரி எழுதிப் போடுங்க. அவன் நம்ம வீட்டுப் படி ஏறணும்." அதற்காகத்தான் இந்தக் கடிதம். நமக்குள் இருப்பது அந்த விமான விவகாரம் ஒன்றுதான் என்பதால், அதை முதலிலிருந்து சொல்லி முடித்துவிடுகிறேன்.

வருடத்தின் எண் எனக்குத் தெரியாது. ஆற்றுப் பாலத்தைத் திறந்துவைத்த மறுவாரமே அதில் விரிசல் விட்டு, திறந்துவைத்தவரே வந்து மூடிவைத்துவிட்டுப் போனாரே, அந்த வருடம். பட்டறைக்கு எதிரே இருந்த தியேட்டர் இடைவேளையில் தீப்பிடித்து, பாதிப் படம் பார்த்தவர்கள் கொலை செய்தது யார் என்று தெரியாமலே வீடு திரும்பிய வருடம். உன் அக்கா சின்னவளை வயிற்றில் சுமந்த வருடம். அந்த வருடம்தான் நம் ஊர் ஆலை முதலாளி, யாரோ ஓட்டித் தள்ளிய தனி விமானம் ஒன்றை வாங்கி, அதன் எட்டு இருக்கைக்கும் புதுத் தோல் போடச் சொல்லி நம் குஷன் பட்டறை மேஸ்திரியிடம் விட்டார். ஐரோப்பாவில் ஒரு தலைநகரத்துக்குப் போய், ஆலைக்கு இயந்திரம் வாங்க ஒப்பந்தம் போட வேண்டும், வியாழக்கிழமை பகலில் கிளம்புவேன் என்று சொல்லியிருந்தார். நாம் மூன்று பேரும் விமானக் கொட்டகையிலேயே பதினோரு நாள் தைத்தோம். ஸ்டூல் இல்லாமலே நீ கூரை விளக்கை மாட்டுவாய் என்பதால் மேஸ்திரி உனக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்ததும், ஊசிப் பெட்டியை உன் பொறுப்பில் விட்டதும் அந்தக் கொட்டகையில்தான்.

பிறைபோல் வளைந்த ஊசி பன்னிரண்டு. காலையில் நீ எண்ணிக் கொடுப்பாய், வேலை முடிந்ததும் எண்ணி வாங்குவாய். மேஸ்திரிக்கு அது ஒன்றுதான் சட்டம். "ஊசி பெட்டியில இருக்கணும், இல்லேன்னா விரல்ல இருக்கணும். மூணாவதா ஒரு இடத்துல பாத்தேன், அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்பார். பஞ்சுக்குள் போன ஊசி சும்மா கிடக்காது, நடக்கும், இன்றைக்கு ஆழத்தில் இருப்பது நாளைக்கு மேலே வரும் என்பது அவருடைய பயம். வியாழக்கிழமை கடைசி உறையை மூடித் தைத்து, நூலை அறுத்துவிட்டு நிமிர்ந்தால், நீ பெட்டியைத் திறந்தபடி நின்றாய்.

"பதினொண்ணுதான் இருக்கு மேஸ்திரி."

"காலையில எத்தனை குடுத்தே?"

"பன்னிரண்டு."

"சத்தியமா?"

"எண்ணித்தான் குடுத்தேன்."

மேஸ்திரி எட்டு இருக்கையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எட்டும் புது மாப்பிள்ளைபோல் பளபளவென்று இருந்தன. அதற்குள் முதலாளியின் கார் வந்துவிட்டது, உறையைப் பிரிக்க நேரம் இல்லை, சொல்லத் தைரியமும் இல்லை. மேஸ்திரி முதலாளியிடம் ஓடிப்போய், "புதுத் தோலுங்க, மேல போனா குளிர்ல இறுகும். இழுத்துத் தளர்த்திவிட ஒரு ஆள் கூட வரணும்" என்று ஒரு பொய்யைச் சொல்லி என்னைக் காட்டினார். வெளிநாட்டு நாற்காலிக் கம்பெனிக்குப் போகலாம் என்று நான் எடுத்த பாஸ்போர்ட் ஆறு வருடமாகப் பெட்டியில் துணிக்கு அடியில் கிடந்தது. நீதான் சைக்கிளை மிதித்துப் போய் நாற்பது நிமிடத்தில் கொண்டுவந்தாய். பைலட் என்னைச் சிப்பந்தி என்று எழுதிக்கொண்டார். சட்டையோடு போனால் பட்டறைக்கு மரியாதை இல்லை என்று மேஸ்திரி தன் கோட்டைக் கழற்றி எனக்கு மாட்டி, காதில் சொன்னார்: "அவர் உட்கார்றதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சுடு."

அவர் எனக்கு முன்னாடியே உட்கார்ந்துவிட்டார். முதலாளியும் அவருடைய மாமனாரும், முன்னால் இரண்டு பைலட்டும், பின்னால் நானும். விமானத்தில் ஏறினவர்கள் முதலில் ஜன்னலைப் பார்ப்பார்கள், நான் இருக்கைகளைப் பார்த்தேன். காலியாக இருந்த ஆறையும் முதலில் உள்ளங்கையால் அழுத்தினேன், பிறகு முழங்காலால், பிறகு முகத்தில் ஒன்றும் காட்டாமல் முழு உடம்போடு உட்கார்ந்து எழுந்தேன். கழுத்தில் வேறு என்னவோ உறுத்திக்கொண்டே வந்தது. மேஸ்திரி கோட்டு மட்டமான துணி என்று நினைத்துக்கொண்டேன்.

"என்னய்யா, ஒவ்வொரு சீட்டா உட்கார்ந்து எந்திரிக்கிறே? உனக்கு எது புடிக்கலே?" என்றார் முதலாளி.

"தோல் இறுகுதுங்க. தளர்த்தி விடறேன்."

அவர் கை கழுவ எழுந்து போன நேரத்தில் அவர் இருக்கையையும் பார்த்துவிட்டேன். மிச்சம் மாமனாருடையது. அவர் கனத்த உடம்புக்காரர், மேகத்துக்கு மேலே போகும் முன்பே தூங்கிவிட்டார், எழுப்பவும் மனம் வரவில்லை. மண்டியிட்டு, அவருக்கும் இருக்கைக்கும் நடுவே மெதுவாகக் கையை விட்டேன். முழங்கை வரை போனபோது கண்ணைத் திறந்தார்.

"மாப்ள, உன் ஆளு எனக்கு அடியில எதையோ தேடறான்."

முதலாளி வந்து என் எதிரே நின்று, "என்ன தேடறே?" என்றார். அதற்கு மேல் எனக்குப் பொய் ஓடவில்லை.

"ஒரு ஊசிங்க."

"எவ்வளவு பெரிசு?"

விரலைக் காட்டினேன். வளைந்தது என்றும், பஞ்சுக்குள் நடக்கும் என்றும் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "எந்திரிங்க மாமா" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு நான்கு மணி நேரம், மாப்பிள்ளை, எட்டுத் தோல் இருக்கை இருந்த அந்தத் தனி விமானத்தில் நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டே போனோம். கூரை தாழ்வு, நிமிர்ந்தால் இடிக்கும், ஆகையால் மூன்று பேரும் இழவு வீட்டில் நிற்பதுபோல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றோம். மேற்கே பறந்ததால் சூரியனும் இறங்கவில்லை, அன்றைய பகல் முடியவே இல்லை. துணை பைலட் வந்து எட்டிப் பார்த்து, "ஏதாவது பிரச்சினையா சார்?" என்று கேட்டார். "கால் மரத்துப்போச்சு" என்றார் முதலாளி. "மூணு பேருக்குமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். மாமனார்தான் கடைசி வரை ஆறவில்லை. "பஸ்ஸுல போயிருந்தாகூட வயசைப் பாத்து எவனாவது எந்திரிச்சு இடம் குடுத்திருப்பான்" என்று முதலாளியைப் பார்த்து நான்கு தரம் சொன்னார். இறங்கும்போது பெல்ட் போட்டே ஆக வேண்டும் என்று பைலட் சொன்னதால், நான் உட்கார்ந்து காட்டிய இருக்கையில் முதலாளி கண்ணை மூடிக்கொண்டு, சுடுகிற அடுப்பில் உட்காருவதுபோல் உட்கார்ந்தார்.

கழுத்து பிடித்துக்கொண்டதால் ஒப்பந்தத்துக்கும் குனிந்த தலையோடுதான் போனார். இவ்வளவு பணிவான முதலாளியை அந்த ஊர்க்காரர்கள் பார்த்ததில்லையாம், கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்களாம். நான் அந்த நேரத்தில் தலைநகரத்தைச் சுற்றிப் பார்த்தேன். அகலமான ஆறு, அதன்மேல் மூன்று பாலம், நடுப்பாலத்தில் சிவப்புக் குடையோடு ஒரு பெண், கரையில் ஒரு மணிக்கூண்டு. நான் போனபோது மணி நாலு பத்து. திரும்பும்போதும் நாலு பத்து. இத்தனை வருடத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் இதை ஒரு எழுத்து மாறாமல் சொல்லியிருக்கிறேன்.

முதலாளியும் மாமனாரும் திரும்பி வந்தது எல்லோரும் போகிற சாதாரண விமானத்தில். கடைசி வரிசை, கழிவறைக்குப் பக்கம், இதைவிடச் சுகம் கிடையாது என்றார்களாம். தனி விமானத்தில் நான் ஒருத்தன்தான் வந்தேன், மூன்றாவது இருக்கையில் சாய்ந்து நன்றாகத் தூங்கினேன். அதன்பிறகு நடந்தது உனக்கே தெரியும். எட்டு இருக்கையையும் பிரித்தோம், ஐந்து நாள் பஞ்சைப் பிடிபிடியாகப் பிய்த்துப் பார்த்தோம், ஊசி இல்லை. இல்லை என்றால் காலையில் கொடுத்ததே பதினொன்றுதான் என்று மேஸ்திரி முடிவு கட்டி, "எண்ணத் தெரியாதவனுக்கு ஊசிப் பெட்டி எதுக்கு" என்று உன்னை அனுப்பினார். நீ பையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, "மாமா, நான் பன்னிரண்டு எண்ணினேன். நீங்களாவது நம்புங்க" என்றாய். "நம்பறது வேற, ஊசி வேற மாப்ள" என்று நான் சொன்னேன். பொறுப்பான மூத்தவன் சொல்ல வேண்டியதைத்தான் சொன்னேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்குப் பிறகு நீ எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. உனக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம் உன் அக்கா, "ஊசி விஷயமா ஏதாவது எழுதட்டுமா?" என்று கேட்பாள். "வேண்டாம், அவனா மறக்கட்டும்" என்பேன்.

இப்போது கணக்குப் பார்த்தால் மாமனார் முதலில் போனார், அவருக்குப் பின் முதலாளி, பெரிய பைலட், அக்கரையில் எங்கோ துணை பைலட். மேஸ்திரி போனபோதும் பெட்டியில் பதினோரு ஊசிதான் இருந்தது, பன்னிரண்டாவது இடத்தில் வேறு ஊசியைக் குத்த அவர் யாரையும் விடவில்லை. உன் அக்காவும் போய்விட்டாள். ஆகையால் உன் அந்த எண்ணிக்கைப் பிழையை நான் முழு மனதோடு மன்னித்துவிட்டேன் என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வா. உனக்கும் உன்னைச் சேர்ந்தவர்களுக்கும் பல்லும் பசியும் படுத்தால் தூக்கமும் குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா வீட்டுக்காரன் (கைநாட்டு)

பின்குறிப்பு: மேலே உள்ளதை வாசித்துக் காட்டச் சொன்னேன். குமாஸ்தா வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாம் சரிங்க. ஊசி இருக்குன்னு எல்லாரும் பயந்து உட்காராத சீட்டுல, திரும்பி வரும்போது நீங்க மட்டும் எப்படித் தூங்கினீங்க?" என்று கேட்டார். நாற்பத்தோரு வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை, மேஸ்திரிகூட.

மாப்பிள்ளை, நான் அந்த நகரத்துக்குள் போகவே இல்லை. சிப்பந்தி விமான நிலையத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு அறையில் உட்காரவைத்தார்கள். ஆறும் பாலமும் சிவப்புக் குடையும் மணிக்கூண்டும் அந்த அறைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த படம். புழுக்கமாக இருந்தது என்று மேஸ்திரியின் கோட்டைக் கழற்றிவிட்டு அந்தப் படத்துக்கு முன்னால் நின்றேன். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. மணிக்கூண்டுக்குப் பக்கத்தில், என் சட்டைக் காலர் மடிப்புக்கு அடியில், ஒன்று மின்னியது. கடைசி உறையை மூடும்போது நூலை அறுக்கக் கை வேண்டும் என்று நானே குத்திவைத்தது. மூன்றாவது இடம்.

வந்தவுடன் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொன்னால் என்னை அனுப்புவார், உன் அக்கா மாசமாக இருக்கிறாள், நாளைக்குச் சொல்லலாம் என்று ஐந்து நாள் உன்னோடு உட்கார்ந்து பஞ்சைப் பிய்த்தேன், ஊசி என் சட்டைப் பையில் இருந்தது. ஆறாவது நாள் நீ போய்விட்டாய். அப்புறம் எழுதலாம் என்றால் எழுதுகிற கை உன் அக்காவுடையது. அவள் தம்பிக்கு நான் செய்ததை அவள் கையாலேயே எழுதச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மன்னித்தேன் என்று மேலே எழுதியிருப்பதை அடித்துவிடச் சொன்னேன். அடித்தல் திருத்தல் இருந்தால் கடிதத்துக்கு அழகில்லை என்று குமாஸ்தா மாட்டேன் என்கிறார். நீயே அடித்துக்கொள். ஊசியை ஒரு துண்டுத் தோலில் குத்தி இத்துடன் வைத்திருக்கிறேன், உறையைப் பார்த்துப் பிரி. அன்று காலையில் பன்னிரண்டு என்று எண்ணியது சரி. இதை மேஸ்திரியிடம் சொல்லியிருக்க வேண்டும், முதலாளியிடம் சொல்லியிருக்க வேண்டும், உன் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்ல வேண்டியவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவன் ஒட்டடைக்குச்சி ஒருத்தன்தான்.