டிரைவர் என்று சொன்னது உங்களை இல்லை, அத்தான்

பேரன்பும் பெருமதிப்பும் நிறைந்த அத்தான் அவர்களுக்கு, தங்கள் மைத்துனன் தலை குனிந்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் மனைவியும் மகளும் சௌக்கியம். அங்கே தங்கள் முழங்கால் வலியும் அக்காவின் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். தங்கள் கோபமும் அப்படியே கட்டுக்குள் இருந்தால் மெத்த மகிழ்ச்சி. போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அக்கா எடுத்து "அவர் தூங்குறார்டா" என்கிறாள். பின்னாலிருந்து "நான் தூங்கலைன்னு அவன்கிட்ட சொல்லு" என்று நீங்கள் உறுமுவது எனக்கு நன்றாகவே கேட்கிறது. அதனால்தான் கடிதம். போன் மாதிரி இதைப் பாதியில் வைக்க முடியாது. கிழிக்கலாம்தான், ஆனால் கிழிப்பதற்கு முன் என்னதான் எழுதியிருக்கிறான் பார்ப்போம் என்று நீங்கள் படித்துவிடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு என் மகள் கல்யாண விஷயம் பேசும்போது அக்கா போனில் "மாப்பிள்ளைக்கு என்னடா வேலை?" என்று கேட்டபோது, அந்தப் போன் உங்கள் வீட்டு மேசை நடுவில் ஸ்பீக்கரில் கிடக்கிறது, பக்கத்தில் நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நானோ அப்போதுதான் வேலையிலிருந்து எரிச்சலோடு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வாயில் வந்ததைக் கொட்டிவிட்டேன். "என்ன பெரிய வேலை, டிரைவர்தான்க்கா. உட்கார்ந்த இடத்துல உட்கார்ந்துக்கிட்டு இப்படித் திருப்பறதும் அப்படித் திருப்பறதும் ஒரு வேலையா? வண்டியைக் கழுவி, முடுக்கி, எண்ணெய் ஊத்தி நாங்க தயாரா நிறுத்தி வைப்போம். இவனுங்க கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு ராஜா மாதிரி வந்து ஏறுவானுங்க. ஓட்டிட்டு வந்து, வண்டி சரியில்லைன்னு நம்ம மேலயே பழியைப் போடுவானுங்க. என் தலையெழுத்து, நம்ம வீட்டுக்கும் ஒரு டிரைவர்தான் மாப்பிள்ளையா வந்து வாய்ச்சிருக்கான்" என்றேன்.  அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு உங்கள் குரல். "வாழ்நாள் பூரா பஸ் ஓட்டின நான் அவனுக்கு அவ்வளவு இளப்பமாப் போயிட்டேனா? இந்த டிரைவர் கால் படாமலே அவன் வீட்டுக் கல்யாணத்தை நடத்திக்கட்டும்!" அதோடு போன் டொக்கென்று நின்றுவிட்டது.

அத்தான், நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உங்களுக்கே அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்துகொண்டது என் கெட்ட நேரம். கறுப்புக் கண்ணாடி உட்பட. ஆனால் சத்தியமாக நான் உங்களைச் சொல்லவில்லை. மாப்பிள்ளை பஸ் டிரைவர் இல்லை. லாரியும் இல்லை, காரும் இல்லை. அவன் பைலட். விமானப்படையில் போர் விமானம் ஓட்டுகிறான். இந்த இடத்தில் என் மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அவன் இவன்னு எழுதாதீங்க, அவர்னு எழுதுங்க. ஓட்டறார்னும் வேண்டாம், விமானத்தை இயக்குகிறார்னு எழுதுங்க" என்கிறாள். சரி, இயக்குகிறார். இப்போது திருப்தியா என்று கேட்டேன், போய்விட்டாள்.

நான் வேலை பார்க்கும் விமானப்படைத் தளத்தில் இரண்டே ஜாதிதான் உண்டு, பறக்கிறவர்கள், தரையில் நிற்கிறவர்கள். விமானத்தைப் பழுது பார்க்கிற நாங்களெல்லாம் தரை. எங்கே போனாலும் கால்நடையாகத்தான் போகிறோமாம், அதனால் பைலட்டுகள் எங்களுக்கு "நடராஜா சர்வீஸ்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சும்மா இருப்போமா? நாங்கள் அவர்களுக்கு "டிரைவர்" என்று வைத்தோம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து இது நடக்கிறது. "என்ன டிரைவர், இன்னிக்கு எத்தனை ட்ரிப்பு?" என்போம். "என்ன நடராஜா, கால் வலிக்குதா?" என்பார்கள். நல்லெண்ணத்துக்காக இரண்டு தரப்பையும் கலந்து வாலிபால் ஆட விட்டார்கள், அது இன்னும் மோசம். உயரத்தில் வருகிற பந்துக்கு மட்டும்தான் அவர்கள் கை தூக்குவார்கள். தாழ வருகிற பந்தை நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, "தரையெல்லாம் உங்க டிபார்ட்மெண்டு" என்பார்கள். ஒருநாள் ஒருத்தர் பறந்துவிட்டு வந்து இன்ஜினில் ஏதோ முனகுகிறது என்று புகார் சொன்னார். நாள் முழுக்கக் கழற்றிக் கழற்றி மாட்டினோம், ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் ரேடியோவில் பதிவானதைப் போட்டுக் கேட்டால், மனுஷன் மேலே போனதும் பாட்டு முனகியிருக்கிறார்! கேட்டதற்கு, "அப்போ மைக்குலதான் கோளாறு, பாருங்க" என்றாரே தவிர முகத்தில் கொஞ்சம்கூட அசடு வழியவில்லை. அடுத்த நாள் எங்கள் ஆட்கள் அவர் விமானத்திலிருந்து ஏணியை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். அவர் மேலே உட்கார்ந்துகொண்டு "அண்ணே, ஏணி! அண்ணே, ஏணி!" என்று கத்த, இவர்கள் டம்ளரைத் தூக்கிக் காட்டி "பறந்து வாங்க சார், உங்களுக்கு என்ன கஷ்டம்!" என்று பதில் குரல் கொடுத்தார்கள். இதெல்லாம் அடிதடி இல்லை அத்தான், அன்புதான். ஆனால் வெளியே சொன்னால் யாருக்குப் புரிகிறது?

இதில் நம் மாப்பிள்ளை எப்படி வந்து சேர்ந்தார் என்றால், ஒரு டயரால் வந்து சேர்ந்தார். ஒருநாள் மதியம் இவர் தரை இறங்கியபோது டமார் என்று டயர் வெடித்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும், "இறக்கறதுன்னா இறக்கணும் தம்பி, இப்படிப் போடக் கூடாது!" என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். அன்று சாயங்காலமே ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு மன்னிப்புக் கேட்க வீட்டுக்கு வந்துவிட்டார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தது மகள். நான் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்து பார்த்தால், இவர் சோபாவில் உட்கார்ந்து டயர் வெடித்த கதையைக் கையாலேயே சொல்லிக்கொண்டிருக்கிறார். பைலட்டுகளுக்குக் கையைக் கட்டிப்போட்டால் பேச்சே வராது, ஒரு கை விமானம், இன்னொரு கை ஓடுதளம். விமானம் இப்படிச் சாய்ந்து இப்படி இறங்கியபோது டீ டம்ளரைத் தட்டிவிட, மறுநாளைக்கு என்று நான் இஸ்திரி போட்டு வைத்திருந்த யூனிபாரத்தின் மேல் போய்க் கொட்டியது. என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், அத்தான். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆயிற்று.

அதற்கப்புறம் ஓயாமல் வர ஆரம்பித்தார். வந்ததும் முதல் கேள்வி, "டயர் எப்படி இருக்கு சார்?" டயர் இருப்பது தளத்தில், அதை விசாரிக்க எதற்காக வீட்டுக்கு வருகிறார் என்று எனக்குத் தோன்றியதா? தோன்றவில்லை. பைலட்டுகளிலும் பொறுப்பான பிள்ளை ஒருத்தர் இருக்கிறாரே என்று பூரித்துப்போய், புது டயர், பழைய டயர், காற்றழுத்தம் என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி சமையலறையில் நின்று தலையில் அடித்துக்கொண்டதற்கு அர்த்தம் பின்னால்தான் தெரிந்தது. மகள் வந்து "அப்பா, நான் அவரைக் கட்டிக்கப் போறேன்" என்றாள். "போயும் போயும் ஒரு டிரைவரையா!" என்று கத்தினேன். அவள் நிதானமாக, "நான் சின்ன வயசுலயே சொல்லிட்டேனேப்பா. நீங்கதான் மறந்துட்டீங்க" என்றாள்.

உங்களுக்கு நினைவிருக்கிறதா? பள்ளிக்கூட லீவு விட்டால் அவள் உங்கள் வீட்டுக்கு ஓடிவந்துவிடுவாள். நீங்கள் அவளைப் பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் இன்ஜின் மேடை மேல் ஒரு துண்டை விரித்து உட்கார வைத்து ஊரெல்லாம் சுற்றிக் காட்டுவீர்கள். வளைவு வந்தால் ஹாரன் அடிக்கிற பொறுப்பு அவளுடையது. வீடு திரும்பியதும், "நான் கட்டிக்கிட்டா மாமா மாதிரி வண்டி ஓட்டறவரைத்தான் கட்டிப்பேன்" என்று என்னிடமே சொன்னாள். குழந்தைப் பேச்சு என்று சிரித்தேன். ஆக, நியாயமாகப் பார்த்தால் எனக்கு ஒரு பைலட் மருமகனாக வருவதற்கு மூலகாரணமே நீங்கள்தான். கோபித்துக்கொள்ள வேண்டியவன் நான். இருந்தாலும் பரவாயில்லை, நான் பெருந்தன்மையாக விட்டுவிடுகிறேன்.

இப்போது இங்கே நிலவரம் என்னவென்றால், மனைவி என்னிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறாள், அதுவும் சுவரைப் பார்த்து. "வாயை வச்சிக்கிட்டு சும்மா இருந்திருந்தா எங்க அண்ணன் கோவிச்சிருப்பாரா?" என்று உங்களைச் சொல்லிச் சொல்லி என்னைக் குத்துகிறாள். மகளோ "மாமா வராம நான் மேடை ஏற மாட்டேன்" என்று ஒரே பிடியாக நிற்கிறாள். அழைப்பிதழில் முதல் வரியில் உங்கள் இருவர் பெயர்தான் வர வேண்டுமாம். நீங்கள் சரி என்று சொல்லாமல் அச்சுக்குக் கொடுக்கவே விடமாட்டேன் என்கிறாள். அச்சகத்துக்காரர் என்னைத் தெருவில் பார்த்தால் "என்ன சார், கல்யாணம் இருக்கா இல்லையா?" என்கிறார்.  அதற்குப் பதில் உங்கள் கையில் இருக்கிறது, அத்தான்.

மாப்பிள்ளையிடம் நடந்ததைச் சொன்னபோது முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, நீங்கள் ஓய்வு பெறும்வரை ஒரு விபத்துகூட இல்லாமல் பஸ் ஓட்டியதை மகள் சொல்லக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சார், மேல எனக்குக் குறுக்க யாரும் வர்றதில்லை. நிறுத்துன்னு யாரும் பெல் அடிக்கறதில்லை. பின்னாடி ஒரு கூட்டம் நின்னுக்கிட்டு என்னைத் திட்டறதும் இல்லை. அவர் முன்னாடி நான் எப்படி சார் டிரைவர்னு சொல்லிக்கறது?" என்றார், இரண்டு கையாலும் பஸ், குறுக்கே வருகிறவன், திட்டுகிறவன் எல்லோரையும் செய்து காட்டி. நான் டம்ளரை முன்கூட்டியே தள்ளி வைத்திருந்தேன்.

ஆகவே அத்தான், நான் டிரைவர் என்று இளப்பமாகச் சொன்னது பைலட்டைத்தான், டிரைவரை இல்லை. நீங்கள் ஓட்டிய பஸ்ஸில் உட்கார்ந்துதான் என் கல்யாணத்துக்கே எல்லோரும் வந்து சேர்ந்தோம். உங்கள் கால் படாமல் இந்த வீட்டில் ஒரு கல்யாணம் நடக்காது, நடக்கவும் விடமாட்டேன். அக்காவுக்கு என் அன்பு. வீட்டுக் குழந்தைகளுக்கு என் ஆசிகள். தங்கள் முழங்காலுக்கு என் பிரத்தியேக விசாரிப்புகள்.

இப்படிக்கு,
வாயால் கெட்டு, தங்கள் வாய்ச்சொல்லால் பிழைக்கக் காத்திருக்கும்
மைத்துனன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. மாப்பிள்ளை சளியோடு பறந்து காது அடைத்து, டாக்டர்கள் பரிசோதித்துவிட்டு, உள்ளே சரியில்லை, இனி பறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கொஞ்ச காலத்துக்கா, ஒரேயடியாகவா என்று இப்போது சொல்ல முடியாதாம். அதுவரை தளத்தின் வண்டிப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். அங்கே ஆள் பற்றாக்குறை, அதனால் மற்ற பைலட்டுகளை விமானம் வரைக்கும் கொண்டுபோய் விடுகிற வேனை இவரே ஓட்டுகிறார். ஆகவே மேலே நான் எழுதிய மறுப்பை எல்லாம் அடித்துவிடுங்கள். அன்று போனில் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மையாகிவிட்டது. மாப்பிள்ளை டிரைவர்தான்.

இன்று காலை எங்கள் ஆள் ஒருத்தன் வேன் பக்கத்தில் நின்று, "வாங்க டிரைவர், நடராஜா சர்வீஸுக்கு நல்வரவு!" என்றான். இத்தனை காலமும் நானே சொல்லிச் சிரித்த பகடி. "பைலட்டுன்னு கூப்பிடுடா!" என்று நான் போட்ட சத்தத்தில் அவன் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்துவிட்டது. நேற்று மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். டயரைப் பற்றிக் கேட்கவில்லை. கல்யாணத்தைத் தள்ளிப் போடலாமா என்று மட்டும் கேட்டார். "நான் வண்டி ஓட்டறவரைக் கட்டிப்பேன்னுதான் சொன்னேன், பைலட்டைன்னு எப்போ சொன்னேன்?" என்று மகள் ஒரே போடாகப் போட்டாள். அவரும் லேசாகச் சிரித்தார். ஆனால் அத்தான், இருந்த நேரம் பூராவும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டே பேசினார். டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. எனக்கு அதைத்தான் பார்க்க முடியவில்லை.

வந்துவிடுங்கள். ஸ்டேஷனுக்கு அவரே வேனோடு வருவார். தயவுசெய்து பின்னால் உட்காராதீர்கள், முன் சீட்டில் அவர் பக்கத்தில் உட்காருங்கள். வேனையும் அவர் நிறுத்துவதில்லை, அன்று விமானத்தைப் போட்ட மாதிரியே போடுகிறார். நான் சொன்னால் மாமனார் குறை சொன்னதாகிவிடும். டிரைவர் சொன்னால் டிரைவர் கேட்பார்.