போர்மேன் உட்கார்ந்த நாற்காலி

விருதுநகர் ஜில்லாவில் டாக்டர் எழுதிய மருந்தைத் தடுத்து நிறுத்தி, அதே டாக்டரிடம் டீயும் வாங்கிக் குடித்த ஒரே ஆள் எங்கள் போர்மேன்தான்.

அவனும் என்னைப் போல ஆஸ்பத்திரி மருந்தாளுநர்தான். படிக்கிற காலத்தில் லீவுக்கு லீவு அச்சங்குளம் பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தவன். அங்கே போர்மேன் ரூம் ரூமாகப் போய், அளவுக்கு மேல் நிற்கும் ஆட்களை வெளியே விரட்டுவாராம். இவன் அதையே மருந்துச் சீட்டில் செய்தான். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வைத்தார்கள். எந்த வார்டில் ஆன்டிபயாடிக் எழுதினாலும் அதில் வரும். தேவையில்லை என்று பட்டால் சிவப்பாகக் காட்டும். உடனே நாங்கள் டாக்டரைக் கேட்க வேண்டும். சீனியர் நான். கம்ப்யூட்டர் முன்னால் போட்ட நாற்காலி எனக்குத்தான் என்று புதுச்சட்டையே தைத்து வைத்திருந்தேன். அவனுக்குக் கொடுத்தார்கள். வயிற்றெரிச்சலுக்கு நானே மாத்திரை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

சர்ஜனிடம் போனில் சொல்வான்: "சார், ஒரே வேலைக்கு மூணு மருந்து நிக்குது. பட்டாசு ரூமா இருந்தா இன்னேரம் லைசென்ஸ் போயிருக்கும். ரெண்ட வெளிய அனுப்புங்க." அவரும் சிரித்துக்கொண்டே மறுபடி பார்த்து, இரண்டை அடித்துவிடுவார்.

அவன் லீவு போட்ட அன்று அதே சர்ஜனை நான் கூப்பிட்டேன். "சார், செவப்பா காட்டுது."

"கண்ணாடியத் தொடச்சுப் பாருங்கய்யா." போனை வைத்துவிட்டார்.

அப்புறம் என் மனைவிக்குக் காய்ச்சல். வார்டில் சேர்த்து, டியூட்டி டாக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி, இருப்பதிலேயே பெரிய ஆன்டிபயாடிக் ஊசியை எழுத வைத்தேன். கம்ப்யூட்டர் சிவந்தது. போர்மேன் போன் போட்டான். ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர் ஊசியை நிறுத்திவிட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது.

"ஏலே, எம் பொண்டாட்டி உசுருலயா ஒன் அதிகாரத்தக் காட்டுத?"

"டெங்குன்னு வந்துருச்சு அண்ணாச்சி. இந்த ஊசிக்கு அங்கன வேலையே இல்ல. வேலையில்லாத ஆள எதுக்கு ரூமுக்குள்ள விடணும்?"

ஆனால் வேலை முடிந்தும் அவன் வீட்டுக்குப் போகவில்லை. வார்டுக்கு வந்து வந்து எட்டிப் பார்த்தான்.

"அதான் கம்ப்யூட்டர் பாக்குதே, நீ எதுக்குலே?"

"அது சீட்டத்தான் பாக்கும். மதினி மொகத்தப் பாக்காதுல்ல."

காய்ச்சல் விட்டதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி: "அந்தத் தம்பி சாப்பிட்டாகளா?" பட்டினியாக நின்ற என்னை யாரும் கேட்கவில்லை.

இப்போது அவன் மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறான். நாற்காலி எனக்கு வந்துவிட்டது. டாக்டர்களும் என் போனை எடுத்துக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். மதுரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவன் எவனோ, அவன்மேல்தான் இப்போது எனக்குப் பொறாமை.